மாமா பார்த்து வைத்த இடம்

உட்காருங்க சார், பரவாயில்ல. நாங்க சொல்லி வச்ச மேஜைதான், ஆனா அவங்க வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. வெயில்ல எதுக்கு நிக்கறீங்க? அந்த நாற்காலி மட்டும் வேணாம், பை இருக்கு. சேலை. இப்படி வாங்க, இந்தப் பக்கம் காத்து நல்லா வரும்.

சென்னையா? அதானே பாத்தேன். உள்ளூர்க்காரங்க இங்க வர மாட்டாங்க. எப்படி சார் இந்த இடம் தெரிஞ்சது? போன்ல ரிவ்யூ பாத்தீங்களா? எங்க, காட்டுங்க. “புதுச்சேரியில் ஞாயிறு பிரன்ச் சாப்பிட இதைவிட அமைதியான இடம் இல்லை, குடும்பத்துடன் வரலாம்.” அஞ்சு ஸ்டார். கீழ பேரைப் பாருங்க. குணசீலன். அது நான்தான் சார்! நானேதான்!

கையைக் குடுங்க. என் ரிவ்யூவைப் படிச்சிட்டு வந்த ஆளை நேர்ல பாக்கறது இதான் எனக்கு முதல் தடவை. எவ்வளவோ பேரு படிக்கறாங்கன்னு அது கணக்கு காட்டும். ஆனா ஒருத்தர் இப்படி எதிர்ல வந்து உட்கார்றது வேற சார்.

ஆம்லெட் சொல்லியிருக்கீங்களா? சரி. சொல்லிட்டீங்க. ஒண்ணும் பண்ண முடியாது. நான் உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன். இங்க ஆம்லெட் ரப்பர் மாதிரி இருக்கும். காபி சுமார். மீன் கட்லெட்ல மீனைத் தேடணும். அப்புறம் எதுக்குய்யா அஞ்சு ஸ்டார் போட்டேன்னு கேப்பீங்க. கேளுங்க. நியாயம்தான். நான் யாருக்கும் அஞ்சு போட்டவன் கிடையாது சார். மூணரைதான் என் கணக்குல நல்ல ஹோட்டல். நாலு போட்டா அது கோயில். அஞ்சு இதுக்கு மட்டும்தான் போட்டேன். இது வேற காரணம். குடும்ப விஷயம்.

எனக்குக் கல்யாணம் ஆகல. மருந்துக் கம்பெனியில கணக்கு பாத்துட்டு இருந்தேன், ரிட்டயர் ஆயாச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா ஒரே வேலை, பாண்டிச்சேரில எங்க நல்ல பிரன்ச் கிடைக்கும்னு தேடிப் போறது. காலைச் சாப்பாட்டையும் விட்டுட்டு, மதியச் சாப்பாட்டுக்கும் காத்திருக்காம, நடுவுல நிதானமா உட்கார்ந்து சாப்பிடறது. தனி ஆளுக்கு அதான் வசதி. ஒரு வேளை சமையல் மிச்சம். ஊர்ல எங்க மச்சான், அதான் அக்கா வீட்டுக்காரர், தணிகாசலம்னு பேரு, அவரு அக்காகிட்ட சொல்லுவாரு, “உன் தம்பி திங்கறதுக்குன்னே பொறந்தவன்.” என் முகத்துக்கு நேராவே சொல்லுவாரு. பந்தியில எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். என்ன பண்றது, அக்காவைக் குடுத்த இடம்.

பெரிய மனுஷன் சார் அவரு. ஊர்ல அவர் வந்தா எழுந்து நிப்பாங்க. அவர் வாயால இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நான் நல்ல பேரு வாங்கினது இல்ல. போன மாசம் வாங்கினேன். இந்த இடத்துல. அதோ அந்தச் சவுக்குத் தோப்பு தெரியுது பாருங்க, அங்க நின்னுதான் என் தோள்ல கையைப் போட்டாரு. “இதான் மாப்ளே. நல்ல இடமாப் பாத்திருக்க.” எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வெட்கமா இருக்கு சொல்ல, ஆனா கலங்கிடுச்சு.

இருங்க, முதல்லேர்ந்து சொல்றேன். இல்லன்னா உங்களுக்குப் புரியாது.

அக்காவுக்கு ஒரே பொண்ணு. அபிநயா. நான் தாய்மாமன். காது குத்தறப்போ என் மடியிலதான் உட்கார்ந்திருந்தா. சின்ன வயசுலேர்ந்து எதைக் குடுத்தாலும், “மாமா, நீ தின்னு காட்டு”ம்பா. நான் ஒரு வாய் தின்னுட்டு நல்லா இருக்கு கண்ணுன்னு சொன்னாத்தான் வாயைத் திறப்பா. மருந்தா இருந்தாலும் அப்படித்தான். கசப்பு மருந்தை நான் குடிச்சிட்டுச் சிரிக்கணும்.

அவ இங்க பாண்டியில வேலைக்கு வந்தா. வந்த இடத்துல ஒரு பையன். இளம்பரிதி. கூட வேலை பாக்கறவன். நல்ல பையன் சார். எனக்குத் தெரியும், ரெண்டு தடவை நானே அவங்களை பிரன்ச்சுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். மீன் முள்ளை எடுத்து அவ தட்டுல வைப்பான், அவ கேக்காமயே. ஆனா நம்ம ஆளுங்க இல்ல. புரியுதில்ல? அதுக்கு மேல நான் சொல்ல வேணாம். ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டாங்க.

மச்சான் தலை முழுகிட்டாரு. பேச்சுக்குச் சொல்லல சார், நிஜமாவே. ஊர் பஸ் ஸ்டாண்டுல கண்ணீர் அஞ்சலின்னு அவ போட்டோ போட்டு போஸ்டர். காலேஜ்ல சிரிச்சிட்டு எடுத்த போட்டோ. பதினாறாம் நாள் ஊரைக் கூட்டிக் காரியச் சாப்பாடு. தாய்மாமன் போகாம இருக்க முடியுமா? போனேன். அக்கா ஒரு மூலையில சுருண்டு கிடந்தா. சாப்பாடு நல்லா இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, அந்த வத்தக்குழம்பு இன்னும் நாக்குல இருக்கு. உயிரோட இருக்கற பொண்ணுக்கு வைக்கற சாப்பாட்டை எப்படிய்யா தின்னேன்னு கேக்காதீங்க. இலை போட்டுட்டாங்க, எழுந்திரிச்சா மச்சான் பாப்பாரு.

அப்புறம் ரொம்ப நாள் பேச்சே இல்ல. நான் மட்டும் அபிகிட்ட போன்ல பேசுவேன். ஒரு நாள் அவளே கூப்பிட்டா. “மாமா, நீங்க தாத்தா ஆகப்போறீங்க.” எனக்குத் தலைகால் புரியல சார். “யாருக்கும் சொல்லாதீங்க மாமா”ன்னா. எப்படிச் சொல்லாம இருக்கறது? பேரக்குழந்தைன்னா கல்லும் கரையும். நேரா ஊருக்குப் போய் மச்சான்கிட்ட சொல்லிட்டேன்.

அவர் அப்போ களத்துல நின்னுட்டு இருந்தாரு. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு, “கூப்பிடு மாப்ளே. ரெண்டு பேரையும் கூப்பிடு. சாப்பிட்டுப் பேசுவோம்.” பாத்தீங்களா? கரைஞ்சிட்டாரு. நான் சொன்னதாலதான் கரைஞ்சாரு.

அபி மசியல. “வீட்டுக்கு வரமாட்டேன் மாமா. ஊருக்கும் வரமாட்டேன். பாண்டியில ஹோட்டல்னா வரேன். அதுவும் நீங்க இருந்தா மட்டும்.” புத்திசாலி. மச்சான் சரின்னுட்டாரு. “ஹோட்டல் விஷயம்தானே, அது உன் டிபார்ட்மெண்ட், நீயே பாரு”ன்னாரு. எனக்கு வந்த முதல் பொறுப்பு சார், இந்தக் குடும்பத்துல.

சும்மா இருப்பேனா? எனக்குத் தெரிஞ்சதுலயே நல்லதாக் காட்டினேன். முதல்ல ஒயிட் டவுன்ல ஒரு பழைய வீடு. நடுவுல முற்றம், மேல காகிதப்பூ. ஞாயித்துக்கிழமை அங்க ஒரு முட்டைத் தோசை போடுவான் பாருங்க, ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல மஞ்சக்கரு தளதளன்னு. மச்சானும் அவர் அண்ணன் பசங்க ரெண்டு பேரும் வந்தாங்க. தோசையைத் தொடவே இல்ல. சுத்தி சுத்திப் பாத்தாங்க. “கூட்டமா இருக்கு மாப்ளே.” சரி, குடும்பப் பேச்சுக்குக் கூட்டம் ஆகாதுதான்.

அடுத்தது பீச் ரோட்டுல மாடி. மேல உட்கார்ந்தா கடல் முழுக்கக் கண்ணுக்குள்ள வரும். இறால் பணியாரம்னு ஒண்ணு அவனே கண்டுபிடிச்சு வச்சிருக்கான். மச்சான் எட்டிப் பாத்தாரு. கீழ போலீஸ் நின்னாங்க. “இது வேணாம்.” ஏன் மச்சான், போலீஸ் இருந்தா பைக் திருடு போகாதேன்னேன். அண்ணன் பையன் ஒருத்தன் சிரிச்சான். மச்சான் அவனைப் பாத்த பார்வையில அவன் வாயை மூடிட்டான்.

மூணாவதா பெரிய ஹோட்டல் பஃபே. கூட்டம் இல்ல, போலீஸ் இல்ல, தனி ரூமே குடுக்கறேன்னான். அங்க வாசல்லயே கேமரா, வண்டி நம்பரைப் படம் புடிக்குது. மச்சான் வண்டியை விட்டு இறங்கவே இல்ல. “நம்ம வீட்டு விஷயம் படத்துல வரணுமா மாப்ளே?” எனக்கு அது மனசைத் தொட்டுச்சு சார். எவ்வளவு கூச்சம் பாருங்க அந்த மனுஷனுக்கு. பெத்த பொண்ணைப் பாத்து அழுதா யாரும் பாக்கக் கூடாதுன்னு நினைக்கறாரு.

ஆனா எனக்குக் கோபமும் வந்துச்சு. நான் நாக்கைத் தீட்டி வச்சு ஒவ்வொண்ணாக் காட்டறேன், எவனும் ஒரு வாய் வைக்கறதில்ல. ரோட்டைப் பாக்கறான், கேட்டைப் பாக்கறான், பின்னாடி என்ன இருக்குன்னு கேக்கறான். ஹோட்டல் பாக்கறது இப்படியா? சாம்பாரை ஊத்திப் பாக்க வேணாமா? வெறுத்துப் போய்தான் ஒரு நாள் இங்க கூட்டிட்டு வந்தேன். பாருங்கய்யா, உங்களுக்கு ஏத்த இடம், ஆளே வரமாட்டான்னு. கிண்டலாத்தான் சொன்னேன். மச்சான் முகம் மலர்ந்துடுச்சு.

வாங்க வாங்க, உங்க ஆம்லெட் வந்துடுச்சு. சாப்பிடுங்க. நான் சொன்னேன்ல?

நீங்க எந்த வழியா வந்தீங்க? முன்பக்கத் தார் ரோடா? ஆமா, போன் அதான் காட்டும். இன்னொரு வழி இருக்கு. சவுக்குத் தோப்புக்குள்ள மண் பாதை. ஈசிஆர்லேர்ந்து பிரிஞ்சு தோப்பு முழுக்க நடந்து இதோ இந்தப் பின்வாசலுக்கு வரும். ரெண்டு வண்டி எதிரெதிர வந்தா ஒதுங்க இடம் கிடையாது. மச்சான் அந்தப் பாதையில இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் நடந்தாரு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு. திரும்பி வந்துதான் தோள்ல கையைப் போட்டாரு. “புள்ளைங்களை இந்த வழியா வரச் சொல்லிடு. நிழலா இருக்கும்.” மாசமா இருக்கற பொண்ணு, வெயில் படக் கூடாதுன்னு பாக்கறாரு. அப்பன் அப்பன்தான்.

ரிவ்யூவா? அது அவர் சொன்ன யோசனைதான். அபிக்கு இந்த இடம் தெரியாது, தயங்கினா. மச்சான் சொன்னாரு, “உன் எழுத்தை அவ நம்புவா மாப்ளே. நல்லதா ஒண்ணு எழுதிப் போடு.” எழுதினேன். அன்னைக்கே அபி கூப்பிட்டுச் சிரிக்கறா. “மாமா, அஞ்சு போட்டிருக்கீங்க! நீங்க சாமிக்கே நாலுதானே போடுவீங்க! அப்ப வந்தே ஆகணும்.” அதோட சரின்னுட்டா. நாக்குல ருசி இல்லாத இடத்துக்கு அஞ்சு போட்டது எனக்கு உறுத்தலாத்தான் இருக்கு. ஆனா ஒரு குடும்பம் சேருதுன்னா ஒரு பொய் தப்பில்லையே?

சேலையா? அபிக்குத்தான். அதுவும் மச்சான் சொன்னதுதான். “தாய்மாமன் நீதான் எடுக்கணும். எடுத்து வச்சுக்க.” பட்டா எடுக்கவான்னேன். “எதா இருந்தா என்ன”ன்னாரு. ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் தெரியாது. “ரவிக்கைத் துணி வேணாம், சேலையோட சேர்ந்து இருந்தா வெட்டிடச் சொல்லு”ன்னு மட்டும் சொன்னாரு. இப்பல்லாம் பொண்ணுங்க ரெடிமேட் ரவிக்கைதானே போடறாங்க, அதான்னு நினைச்சேன். கடையில அந்தப் பொண்ணு கத்தரிக்கோலைக் கையில வச்சிக்கிட்டு, “சார், துக்க வீட்டுக் கோடியா?”ன்னு கேக்குது. எனக்கு வந்ததே ஆத்திரம்! நாக்கை அடக்கிப் பேசும்மான்னுட்டு, பையை வாங்கிட்டு வந்துட்டேன்.

என்ன சார், சாப்பிடாம என்னையே பாக்கறீங்க? உப்பு கம்மியா?

மச்சான் எங்கயா? வந்துட்டாரு, காலையிலயே வந்துட்டாரு. அண்ணன் பசங்களும் வந்திருக்காங்க. தோப்புக்குள்ள நிக்கறாங்க. எதிர்கொண்டு போய்க் கூட்டிட்டு வரணுமாம். நாங்க வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்லுவோம், அவரு பாதையிலயே போய் நிக்கறாரு. அவ்வளவு ஆசை. வேன்ல வந்திருக்காங்க. கார் இருக்கே மச்சான்னேன். “திரும்பும்போது சாமான் இருக்கும்”னாரு. சீர் சாமான்னா வரும்போதுதானே இருக்கணும், திரும்பும்போது என்ன இருக்கப்போகுது? டென்ஷன்ல வாய் தவறிடுச்சு அவருக்கு. காபி குடிங்கன்னேன். பச்சைத் தண்ணி தொட மாட்டேன்னுட்டாரு. காலையில தலைக்குக் குளிச்சிட்டு அப்படியே வந்திருக்காரு.

அக்கா வரல. அதுதான் எனக்கு மனசு கேக்கல. பெத்தவ இல்லாம எப்படின்னு கேட்டேன். “அவ அழுது காரியத்தைக் கெடுத்துடுவா.” உண்மைதான். விடியக்காலையில போன் பண்ணா, குசுகுசுன்னு. “தம்பி, அபிக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு. வரமுடியலைன்னு சொல்லிடு. உன் கால்ல விழறேன்.” என்னக்கா உளர்றேன்னு கேக்கறதுக்குள்ள போன் கட்டாயிடுச்சு. திருப்பிக் கூப்பிட்டா எடுக்கல. சந்தோஷம் வந்தாலும் பயப்படற சுபாவம் அவளுக்கு. ஒரு நல்லதையும் நம்ப மாட்டா.

இருங்க இருங்க. அபிதான் கூப்பிடறா. ஒரு நிமிஷம்.

சொல்லு கண்ணு! எங்க இருக்கீங்க?... சரி... சரி. போன் தார் ரோட்டைத்தான் காட்டும், அதை விட்டுடு. எதிர்ல ஒரு பெயிண்ட் விளம்பரம் தெரியுதா? அதை ஒட்டி மண் பாதை இறங்கும். ஆமா, தோப்புக்குள்ளதான். நிழலா இருக்கும்டா. பரிதியை மெதுவா ஓட்டச் சொல்லு, மணல் இருக்கும்... அப்பாவா? அப்பா வந்தாச்சு. காலையிலயே வந்தாச்சு. உனக்காகத்தான் நிக்கறாரு... இல்ல கண்ணு, கோபமெல்லாம் இல்ல... இடமா? நல்ல இடம். ரொம்ப நல்ல இடம். மாமா பாத்து வச்ச இடம் கண்ணு, வா.

வந்துட்டாங்க சார். திரும்பிட்டாங்க தோப்புக்குள்ள. அம்மா! ஏம்மா! சூடா ஆப்பம் ஒரு செட் போடுங்க, ஆப்பச்சட்டி காஞ்சிருக்கா? தேங்காப்பால் தனியா. அவளுக்கு இனிப்பு ஜாஸ்தி வேணும்.

என்ன சார்? என்ன சொல்றீங்க? திருப்பிக் கூப்பிட்டு எதுக்குப் போகச் சொல்லணும்? உங்களுக்கு எங்க குடும்பத்தைப் பத்தி என்ன தெரியும்? அரை மணி நேரமா எங்கூட உட்கார்ந்திருக்கீங்க, அவ்வளவுதானே? அவர் பெத்த அப்பா சார். பெத்த அப்பா.

இல்ல, என் போனைத் தொடாதீங்க. நானே பேசறேன். தேவைன்னா நானே பேசறேன்.

சத்தம் கேக்குது பாருங்க. பரிதி பைக்குதான், எனக்குத் தெரியும், சைலன்சர்ல ஒரு ஓட்டை, நானே அவனைத் திட்டியிருக்கேன். பாதித் தோப்பு தாண்டிட்டாங்க. இப்ப வந்துடுவாங்க, இதோ அந்தப் பின்வாசல்ல தலை தெரியும். பாத்துட்டே இருங்க.

நின்னுடுச்சு.

மணல்ல சிக்கியிருக்கும். அங்க மணல் ஜாஸ்தின்னு சொன்னேன்ல. தள்ளிட்டு வருவாங்க. மச்சானும் பசங்களும் அங்கதான் இருக்காங்க, ஒரு கை குடுப்பாங்க.

நீங்க எங்க போறீங்க? அங்க உங்களுக்கு என்ன வேலை? உட்காருங்க. உட்காருங்கன்னு சொல்றேன்ல சார்! உங்களுக்கு அவரைத் தெரியாது.

போனா? ஆமா, என் போன்தான் அடிக்குது. தெரியுது. அபி பேருதான். எடுக்கறேன். எடுக்கறேன் சார், உங்க தட்டுல பட்டு கையெல்லாம் எண்ணெயா இருக்கு, தொடச்சிக்கறேன். டிஷ்யூ எங்க வச்சான்? ஏம்மா, ஒரு டிஷ்யூ குடுங்க. இந்த இடத்துல ஒண்ணு ஒழுங்கா இருக்காது.

பாத்தீங்களா, எடுக்கறதுக்குள்ள நின்னுடுச்சு.

வந்துடுவாங்க. ஆப்பம் வரதுக்குள்ள வந்துடுவாங்க. நீங்க சாப்பிடுங்க சார், ஆம்லெட் ஆறுது.